ஒன்பதாயிரம் தோள்கள்

மூன்றாவது தடவையும் ராஜகுரு வரவில்லை.

புதன்கிழமை காலை ஏழரை மணிக்குப் போன் வந்தது. "லீவ கேன்சல் பண்ணிட்டாங்க புள்ள. புயல் எச்சரிக்கையாம், ஆளு பத்தலையாம்" என்றான். குஜராத் கடலுக்குள்ளே இரும்புக்கால் ஊன்றி நிற்கும் காற்றாலைகளில் அவன் மெக்கானிக். பேச்சுக்குப் பின்னால் காற்று இரைந்துகொண்டிருந்தது. வினோதினி, "சாப்டீங்களா மாமா?" என்று மட்டும் கேட்டாள். சாப்பிட்டேன் என்றான். அத்தை மகனைக் கட்டிக்கொண்டவள். சின்ன வயசிலிருந்தே மாமாதான். போனை வைத்துவிட்டு, அவனுக்காக வாங்கியிருந்த வஞ்சிரக் கருவாட்டுப் பொட்டலத்தைக் கண்ணில் படாதபடி மேல்பரணில் தூக்கிப் போட்டாள்.

முதல் இரண்டு தடவையும் அழுதவள் இந்தத் தடவையும் அழுதிருக்க வேண்டும். அழுகை வரவில்லை. வேறொன்று உறுத்தியது. முந்தின நாள், செவ்வாய்க்கிழமை மத்தியானம், யாரோ தோளைத் தட்டுவதுபோல அவள் போனில் 'டொப் டொப்' என்று இரண்டு ஓசை கேட்டிருந்தது. 'தோள்' அனுப்பிய சேதி. "வெள்ளி முதல் ஞாயிறு வரை பானு ஸ்டூடியோ உங்களுக்காகக் காத்திருக்கிறது. நாகஸ்வரத்துக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. அடுத்த பாடலுக்கு வாழ்த்துகள்." படித்துவிட்டு அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒன்றரை வருஷம் கழித்துப் புருஷன் வெள்ளிக்கிழமை வந்து இறங்குகிறான், அன்றைக்குப் போய் எவள் மைக் முன்னால் நிற்பாள் என்று நினைத்துக்கொண்டாள்.

அவன் வரமாட்டான் என்பது அவனுக்கே புதன்கிழமைதான் தெரிந்ததாம். தோளுக்குச் செவ்வாய்க்கிழமையே எப்படித் தெரிந்தது?

தோளைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பாட்டுக் கம்பெனிகள் படுத்துவிட்டன. மாதாமாதம் சந்தா கட்டிப் பாடகர்களைத் தாங்கிய ரசிகர்களும் அலுத்துப் போனார்கள். அப்புறம் வந்த ஏற்பாடு அது. ரசிகனிடம் காசு கேட்காது. சேரும்போது ஒரே ஒரு கேள்வி கேட்கும்: 'உங்களால் என்ன முடியும்?' பஸ் ஓட்டுகிறவர், பஸ்ஸில் பாட்டுப் போட முடியும் என்று எழுதுவார். தையல்காரர் மேடைக்கு ரவிக்கை தைத்துத் தர முடியும் என்பார். காது மூக்கு தொண்டை டாக்டர் தொண்டையைப் பார்ப்பார். தோள் இவர்களையெல்லாம் கோத்து வைத்துக்கொண்டு, அவ்வப்போது ஆளுக்கொரு சின்ன உதவி கேட்கும். ஒருவரிடம் கேட்டது இன்னொருவருக்குத் தெரியாது. உதவி செய்தவருக்குப் பாட்டு வந்ததும் அவர் பேரைப் பாடகியே சொல்லும் தனிப்பிரதி ஒன்று கிடைக்கும். பாபநாசத்தில் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த வினோதினியை இப்படி ஒன்பதாயிரத்து நானூறு பேர் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். அதற்கு அவள் நன்றி இல்லாதவள் ஒன்றும் இல்லை. கோயில் வாசலில் செருப்பைப் பார்த்துக்கொள்கிறவர்கூட, "உங்க தோள்காரன்மா" என்று சொல்லும்போது அவள் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறாள்.

வியாழக்கிழமை கும்பகோணத்துக்குப் பஸ் ஏறி, பானு ஸ்டூடியோவுக்குப் போனாள். ஷகிலா பானுவுக்கு ஐம்பது வயசு. ஒலிப்பதிவில் காது எவ்வளவு கூர்மையோ வாயும் அவ்வளவு கூர்மை.

"அக்கா, இந்த வெள்ளிக்கெழமைக்கு ஒங்க ஸ்டூடியோவ யாரு கேட்டா?"

"யாரு கேப்பா? தோள்தான். மூணு நாளு வேற யாருக்கும் விடாதீங்கன்னு வந்துச்சு. சரின்னு அமுக்குனேன்."

"என்னிக்கு வந்துச்சு?"

பானு போனைப் பார்த்தாள். "திங்கக்கெழம. ஏன், என்ன ஆச்சு? மொகமே சரியில்லையே."

செவ்வாய் என்று நினைத்தது திங்களுக்குப் போய்விட்டது. வினோதினி நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். பானு குறுக்கே பேசாமல் கேட்டாள். அவள் குறுக்கே பேசாமல் இருந்ததே வினோதினிக்குப் பயமாக இருந்தது.

"இங்க வா" என்று திரையைத் திருப்பினாள் பானு. "இது ஒன்னோட நாலு பாட்டு. கேக்கறவங்க மணிக்கட்டுல பட்ட கட்டியிருக்காங்கல்ல, அது நாடியப் பாத்துச் சொல்லிரும், எந்த எடத்துல மயிர் கூச்செறிஞ்சுச்சு, எந்த எடத்துல கொட்டாவி விட்டாங்கன்னு. இது 'கொடிக்கயிறு.' மொதத் தடவ ஒன் வீட்டுக்காரரு வராம போனாருல்ல, அப்ப பண்ணுனது. ஒத்தையாளு துணி மட்டும் காயுற கொடி. பாரு, எப்புடி ஏறுது. இது ரெண்டாந்தடவ வராதப்ப பண்ணுன 'பின்சீட்டு.' இன்னும் மேல. இதுக்கும் முந்தி, மொத வருசம் அவரு போய்ச் சேந்த புதுசுல பாடுனது இது. சுமார்."

"நாலாவது?"

"அந்த வருசக் கடைசில அவரு வந்து ரெண்டு மாசம் இருந்தாருல்ல? அப்ப நீ பாடுன மீன்கொழம்புப் பாட்டு." திரையில் அந்தக் கோடு தரையோடு தரையாகப் படுத்துக்கிடந்தது. "நல்ல பாட்டுதான். எனக்குப் புடிச்சுது. ஆனா ஒன்பதாயிரம் பேருல ஒருத்தனுக்கும் முடி நட்டுக்கல."

வினோதினி வெட்கத்தோடு திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். "அப்படின்னா... அவரு வரக்கூடாதுன்னு தோள் நெனைக்குதா?"

"அது எங்க நெனைக்கும்? அதுக்கு எரக்கமும் கெடையாது, வன்மமும் கெடையாது. எந்தச் செடி நல்லா காய்க்குதோ அதுக்குத் தண்ணி ஊத்தும். எந்தத் தண்ணி ஊத்துனா காய்க்குதுன்னு நாமதான் பாட்டுப் பாட்டா சொல்லிக் குடுத்திருக்கோம்."

"ஆனா லீவ கேன்சல் பண்றது தோள் இல்லியே அக்கா. ஒரு மனுஷன்தான பண்ணணும்?"

"ஆமா. எவனோ ஒருத்தன் 'சரி'ன்னு அமுக்கணும்" என்றாள் பானு. "எதுக்கு அமுக்குறோம்னு அவனுக்குத் தெரியாமக்கூட இருக்கலாம். டூட்டி சார்ட்டுல ஒரு பேர மேலேந்து கீழ எறக்கிருப்பான். அவ்வளவுதான், அவன் வேல முடிஞ்சுது."

அன்று திரும்பி வரும் பஸ்ஸில் 'பின்சீட்டு' ஓடியது. கண்டக்டர் அவளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்து, டிக்கெட் வேண்டாம் என்று கையை ஆட்டினார். ஒரு வாரத்துக்கு முந்தி அந்தச் சிரிப்பு அவளுக்குப் பூரிப்பாக இருந்திருக்கும். இன்றைக்கு, இவன் தங்கச்சி புருஷனும் அந்தக் காற்றாலைக் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறானோ என்று தோன்றியது. மருந்துக்கடைக்காரர் நலம் விசாரித்தபோது எதற்கு விசாரிக்கிறார் என்று இருந்தது. எதிர்வீட்டு ரெஜினா டீச்சர், "மாப்ள வந்தாச்சா?" என்று கேட்டபோது, கேட்டது டீச்சரா, டீச்சரைக் கேட்கச் சொன்னார்களா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். டீச்சர் பயந்துபோய் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் நேரே வைரக்கண்ணுவின் கடைக்குப் போனாள். வைரக்கண்ணு மைக்செட் போடுகிறவர். தோளில் அவளுக்காகச் சேர்ந்த முதல் பத்துப் பேரில் ஒருவர். கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்று சுற்றுவட்டாரத்தில் எந்தக் குழாயில் பாட்டுக் கேட்டாலும் அதில் பாதி அவளுடையதாக இருப்பது அவர் புண்ணியம். ஆம்ப்ளிபயரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

"வா தங்கச்சி. டீ சொல்லட்டா?"

"அண்ணே, ஒங்க போன குடுங்க. தோள் ஒங்ககிட்ட என்னென்ன கேட்டுதுன்னு நான் பாக்கணும்."

அவர் சாலிடரிங் கம்பியைக் கீழே வைத்தார். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. இருந்தாலும் மறுக்காமல் போனைத் திறந்து கொடுத்தார். மேலவழுத்தூர் கல்யாணத்தில் 'பின்சீட்டு' போடவும். செய்தேன். ராஜகிரி வளைகாப்பில் 'கொடிக்கயிறு' வேண்டாம். சரி. இப்படியே வரிசையாகப் போய், போன மாசம் ஒரு கேள்வி: பாடகி வீட்டில் விசேஷம் ஏதாவது உண்டா? அதற்குக் கீழே வைரக்கண்ணுவின் பதில்: மாப்பிள்ளை அடுத்த மாசம் கடைசி வெள்ளிக்கிழமை வருகிறார், எங்களுக்கெல்லாம் ரொம்ப சந்தோஷம்.

"நீங்கதான் சொல்லிருக்கீங்க!"

"சொன்னேன். சந்தோசத்துல சொன்னேன். கேட்டுச்சு, சொன்னேன். அதுல என்னம்மா?"

"நீங்க சொன்னதாலதான் அவரு வரல!"

வைரக்கண்ணு போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அப்புறம், "நான் ஒனக்குக் கொழா கட்டுனவன் தங்கச்சி, குழி வெட்டுனவன்னு நெனச்சுட்டியா?" என்று கேட்டார். கண் கலங்கிவிட்டது. வினோதினி படியிறங்கிவிட்டாள். வழியெல்லாம், இந்தக் கண்ணீரையும் ஒருவேளை தோள்தான் கேட்டிருக்குமோ என்று யோசித்துக்கொண்டே நடந்தாள். அப்படி யோசிப்பதற்குத் தன்மேலேயே அருவருப்பாகவும் இருந்தது.

ஆனால் ஒன்று தெளிவாயிற்று. தகவல் சொன்னவர் வைரக்கண்ணு. தடுத்தவர் வேறு யாரோ. அவர் மைக்செட்டுக்காரர், கடலில் நிற்கும் காற்றாலைக்கு அவர் கை எட்டாது. எட்டுகிற கை யாருடையது?

பானு சொல்லிக்கொடுத்த தொழில் உத்தி ஒன்று அவளுக்கு நினைவு வந்தது. தனிப்பிரதி செய்யும்போது பானு ஒவ்வொன்றிலும் வினோதினி மூச்சு வாங்கும் இடத்தை ஒரு நூலளவு நகர்த்தி வைப்பாள். காதுக்குத் தெரியாது. பாட்டு எங்கேயாவது கசிந்தால், மூச்சு எங்கே விழுகிறது என்று பார்த்து, எந்தப் பிரதி, எந்த ஆள் என்று பிடித்துவிடலாம். ஆளுக்கொரு மூச்சு. அதே வேலையைத் தேதியில் செய்தால் என்ன?

அவன் வரவில்லை என்றால் என்ன, நான் போகிறேன் என்று கிளப்பிவிட்டாள். போனில் ஒரு வார்த்தை பேசவில்லை. போன் யாருக்குக் காது கொடுக்கிறது என்று யாருக்குத் தெரியும்? எல்லோரிடமும் நேரில் சொன்னாள். வைரக்கண்ணுவிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, வருகிற மாசம் பத்தாம் தேதி மாமா இருக்கும் வெராவல் துறைமுகத்துக்குப் போய்ச் சேருவேன் என்றாள். பானுவிடம் பதினாலாம் தேதி என்றாள். பானுவின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லும்போது நாக்குக் குழறியது. ரெஜினா டீச்சரிடம் பதினேழு. ராஜகுருவுக்கு மட்டும் கையால் ஒரு கடிதம் எழுதி ஸ்பீட் போஸ்ட்டில் போட்டாள். தபால் ஆபீஸ் பெண் உறையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். கையால் முகவரி எழுதிய உறையைப் பார்த்து அவளுக்கு வருஷங்கள் ஆகியிருக்கும்.

'மாமா, இருபத்தொண்ணாம் தேதி நான் அங்கே வருகிறேன். ஆபீசில் கேட்க வேண்டாம், யாரிடமும் சொல்ல வேண்டாம். வந்து நின்று உங்களைத் திகைக்க வைக்க வேண்டும் என்று ஆசை.'

அவனுக்கும் ஒரு தேதி கொடுத்தது சந்தேகத்தால் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கணக்கு முழுசாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பிரதி போட்டால் எல்லோருக்கும் போட வேண்டும்.

கடிதம் போய்ச் சேர்ந்ததாகத் தபால்காரர்களின் சேதி இரண்டாம் தேதி வந்தது. நாலாம் தேதி காலை பத்து மணிக்கு அவள் பானுவின் ஸ்டூடியோவில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். மேஜைமேல் பானுவின் போன் 'டொப் டொப்' என்றது.

பானு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். "இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு, இருபத்தி மூணு, ஸ்டூடியோவ யாருக்கும் விடாதீங்கங்குது." நிமிர்ந்தாள். "நீ பதினாலுன்னுதானே சொன்ன? இதுல என்ன இருபத்தொண்ணுன்னு வருது?"

வினோதினி டம்ளரைக் கீழே வைத்தாள். டீ கொஞ்சம் சிந்தியது.

"வினோதினி, இருபத்தொண்ணு யாருகிட்டச் சொன்ன?"

வினோதினி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பானுவுக்கு எல்லாம் புரிந்து, தன்னையும் அவள் ஒரு பிரதியாக வைத்துச் சோதித்திருக்கிறாள் என்பதும் புரிந்து, கோபப்பட வாயெடுத்தவள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். துணியை எடுத்து மேஜையைத் துடைத்தாள். "போயிட்டு வா" என்றாள். "யாருக்கும் சொல்லாத ஒரு தேதில போ."

அன்றைக்கே கிளம்பினாள். மூன்று ரயில் மாறி, மூன்றாம் நாள் மத்தியானம் வெராவல் படகுத்துறையில் போய் நின்றாள். மீன் வாடையும் டீசல் வாடையும் சேர்ந்து அடித்தது. தூரத்தில், கடல் முடிகிற இடத்தில், வெள்ளை இறக்கைகள் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அவன் வேலை பார்க்கும் இடம் முதல்முறையாக அவள் கண்ணில் பட்டது. எவ்வளவு பெரிசு, எவ்வளவு தனி. கம்பெனி வாசலில் இருந்த காவலாளிக்கு இந்தி, அவளுக்கு அரைகுறை. ராஜகுருவின் பேரைச் சொல்லிப் போன் போடச் சொன்னாள். பொய் யோசிக்க அவனுக்கு நேரம் கொடுக்கக் கூடாது என்று இருந்தாள்.

சாமான் ஏற்றிப் போய்த் திரும்பும் படகில் அவன் வந்தான். இளைத்திருந்தான். முன்வழுக்கை விழுந்திருந்தது, அது வீடியோவில் தெரிந்ததில்லை. அவளைப் பார்த்ததும் அவன் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை அவள் நன்றாகப் பார்த்தாள். சத்தியம் பண்ணிச் சொல்வாள். அதற்குப் பின்னால்தான் திருட்டு முழி வந்தது.

"இருபத்தொண்ணுன்னு எழுதியிருந்தியே புள்ள?"

"எழுதியிருந்தேன். அத யாருகிட்ட மாமா சொன்னீங்க?"

வலைகள் குவித்துக் கிடந்த இடத்தில் ஒரு கவிழ்த்துப் போட்ட படகின்மேல் உட்கார்ந்தார்கள். அவன் கை விரல்களில் கிரீஸ் ஏறிக் கறுத்திருந்தது. அந்த விரலால் இன்னொரு கையின் நகத்தைச் சுரண்டிக்கொண்டே இருந்தான்.

"தோளுல நானும் சேந்துருக்கேன்" என்றான். "மூணு வருசமாச்சு. வேற பேருல. ஒனக்குத் தெரிஞ்சா கேலி பண்ணுவன்னு சொல்லல."

"லீவ கேன்சல் பண்ணது?"

"மொதத் தடவ நெசமாவே ஒடம்பு செக்கப்புன்னுதான் நிறுத்துனாங்க புள்ள. சத்தியமா. அப்பத்தான் நீ 'கொடிக்கயிறு' பாடுன. இங்க நாங்க படுக்குற ரூமுல பன்னெண்டு பேரு. ஒடியாக்காரன், பீகாரி, மலையாளத்தான். ஒருத்தனுக்கும் பாஷ புரியாது, அத்தன பேரும் அழுதானுவோ. ஒன் பொண்டாட்டியா, ஒன் பொண்டாட்டியான்னு எங்கையப் புடிச்சுக்கிட்டானுவோ." அவன் விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். "அடுத்தத் தடவ கேட்டுச்சு. கூட வேல பாக்குறவன் பொண்டாட்டிக்குப் பிரசவம், ஒங்க லீவ அவனுக்கு விட்டுக் குடுக்க முடியுமான்னு. நல்ல காரியந்தானன்னு சரின்னேன். 'பின்சீட்டு' வந்துச்சு. இந்தத் தடவ, புயல் டூட்டிக்குப் பேர் குடுக்க முடியுமான்னு கேட்டுச்சு. குடுத்தேன். ஒங்கிட்டச் சொல்ல ரெண்டு நாளு தைரியம் வரல."

"இருபத்தொண்ணு?"

"அத அது கேக்கல. நானாத்தான் போயி, அவ வரேங்குறா, என்ன செய்யட்டும்னு கேட்டேன். அன்னிக்கு டர்பைன் மேல டூட்டி கேட்டு வாங்கிக்கச் சொல்லுச்சு."

வினோதினிக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. அவனைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. ஊர் முழுக்கச் சந்தேகப்பட்டாள். ஒரு நல்ல மனுஷனை அழவைத்தாள். ஒரு டீச்சரைப் பயமுறுத்தினாள். "ஏன் மாமா? நான் என்ன ஒங்களுக்குக் கொற வச்சேன்? ஏன் வர மாட்டேன்னீங்க?"

அவன் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "போன்ல நீ என்ன பேசுவ? மோட்டார் ஓடல, சிலிண்டர் வரல, சாப்டீங்களா. நானும் அதேதான். ஆனா பாட்டுல நீ ஒருத்தனுக்காகக் காத்துக்கிட்டிருக்க. அவன் சட்டைய மோந்து பாக்குற. அவன் ஒக்காந்த சீட்டுல ஒரு எலை விழுந்தாக்கூடத் தட்டி விடுற. மூணு வருசமா நான் அவனாத்தான் இருக்கேன் புள்ள. அவன் ஊருக்கு வந்து எறங்கி, துண்டு எங்க, சோத்தப் போடுன்னு கேட்டா, அப்பறம் அவன் எங்க இருப்பான்? நான் வந்துட்டா அந்தப் பாட்டு நின்னுருமே."

அவளுக்கு அழுகை இப்போதுதான் வந்தது. புதன்கிழமை வராத அழுகை. அவன் சொன்னதில் அவளுக்கு மறுக்க முடியாத ஒன்று இருந்தது. மீன்குழம்புப் பாட்டுக்கு முடி நட்டுக்கொள்ளவில்லை என்று கேட்டபோது அவளும்தானே வெட்கப்பட்டாள்? அடுத்த பாட்டு வரவேண்டுமே என்ற நினைப்பில், அவன் வரமாட்டேன் என்ற நாட்களில் மூலையில் எங்கேயோ ஒரு துளி நிம்மதிகூட அவளுக்கு வந்ததுண்டு. அதை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை. தோளிடம்கூட. சொல்ல வேண்டிய அவசியம் இருந்ததா என்பது வேறு விஷயம்.

"துண்டு எங்கன்னு கேட்டா எடுத்துக் குடுக்கறேன்" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "கெளம்புங்க. பையை எடுங்க. எனக்குப் பாட்டும் வேணாம் ஒண்ணும் வேணாம்."

அவன் கிளம்பினான். அதைச் சொல்லியாக வேண்டும். மேஸ்திரியிடம் சண்டை போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒரு தகரப்பெட்டியோடு அவளோடு ரயிலேறினான். வழியில் எங்கேயோ ஒரு ஸ்டேஷனில் அவள் கண்ணெதிரே தோளிலிருந்து விலகுவதாகப் பொத்தானை அமுக்கிக் காட்டினான். பரணில் போட்ட கருவாடு இறங்கி வந்தது. வைரக்கண்ணு இரண்டு இளநீரோடு வந்து, "மாப்ள, கருத்துட்டீங்களே" என்றார். வினோதினி அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டாள். பத்துப் பதினைந்து நாள் நன்றாகத்தான் போயிற்று. மோட்டாரை அவனே சரி பண்ணினான். கொடியில் கைலியும் புடவையும் சேர்ந்து காய்ந்தன. அதைப் பார்த்து அவளுக்கு ஒரு வரியும் தோன்றவில்லை. தோன்றாதது எவ்வளவு சுகம் என்று நினைத்துக்கொண்டாள்.

இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு, இருபத்திமூணு மூன்று நாளும் பானு ஸ்டூடியோ பூட்டியே கிடந்தது. அதைப் பற்றித் தோள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவளுக்கு நமநமத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ராஜகுரு கொல்லையில் குளித்துக்கொண்டிருந்தான். வினோதினி கூடத்தில் உட்கார்ந்து, தோளில் தன் பேருக்கே ஒரு ரசிகையாகச் சேர்ந்தாள். விலகிவிட்டால் போதாது, தான் யார் என்று அதற்கு ஒரு தடவை முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. ஒன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டாவது ஆள். வழக்கமான கேள்வி வந்தது: உங்களால் என்ன முடியும்?

கொஞ்சம் யோசித்து எழுதினாள்: 'பாடாமல் இருக்க முடியும்.'

எழுதியதும் நெஞ்சு லேசாயிற்று. போனைக் கவிழ்த்து வைக்கப் போனாள். அதற்குள் 'டொப் டொப்.'

"நன்றி. உங்கள் உதவியை ஏற்றுக்கொள்கிறோம். நீண்ட மௌனத்துக்குப் பிறகு வரும் பாடலைக் கேட்போர் மிகவும் விரும்புகிறார்கள். எத்தனை நாள் முடியும்?"

அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது இன்னொரு தடவை கேட்டது. டொப் டொப். அவள் போனில் இல்லை. கொல்லைப் பக்கம், குளிக்கும் இடத்துச் சுவர்மேல் அவன் சட்டையோடு சுருட்டி வைத்திருந்த போனிலிருந்து. தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது. ஈரக்கையை எதிலோ துடைக்கிற சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. காக்கா ஒன்று கத்திவிட்டுப் போயிற்று. அவன் ஏதாவது சொல்வான் என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"வினோ" என்று கூப்பிட்டான் ராஜகுரு. குரல் எப்போதும்போல் சாதாரணமாகத்தான் இருந்தது. "துண்டு எங்க புள்ள?"

கொடியிலிருந்து துண்டை உருவிக்கொண்டு கொல்லை வாசல்வரை போனவள், அங்கேயே நின்றுவிட்டாள். அவனாகத்தான் கேட்டானா, கேட்கச் சொன்னார்களா?